மூக்கைத் தொட்ட பிறகு

தொப்பியைத் தொடுவேன். பொய்.
காதைத் திருகுவேன், பெல்ட்டைத் தடவுவேன்,
முழங்கையில் இரண்டு தட்டு.
அதுவும் பொய்.
மூக்கைத் தொட்ட பிறகு எதைத் தொடுகிறேனோ
அது மட்டும் நிஜம்.
பெல்ட் என்றால் திருடு, அடுத்த பேஸுக்கு ஓடு.
முழங்கை என்றால் நில்.

மூன்றாம் பேஸ் ஓரம் சுண்ணாம்புக் கட்டத்துக்குள்
ஐந்து வருஷமாக இதுதான் உத்தியோகம்.
சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு நேரே
‘சன்னாசி, உடற்கல்வி உதவியாளர், தற்காலிகம்’ என்றிருக்கும்.
அடுத்த வரி ஒச்சப்பன். அவனும் தற்காலிகம்.
பந்து வீசுகிற பையன்களின் தோள்பட்டை
அவன் பொறுப்பு.

ஹோம் பிளேட் அவன் அறுத்ததுதான்.
மேலூர்க் குவாரியில் தேய்ந்து கழித்த
கன்வேயர் பெல்ட்.
ஐந்து மூலையும் சரியாக வரவேண்டுமென்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க
லுங்கியோடு மண்டியிட்டுக் கிடந்தான்.

பிய்ந்த பந்துகளைக் காளவாசலில் தைக்கக் கொடுப்போம்.
“நூற்றெட்டுத் தையல் வரணும்” என்றார் பெர்னபாஸ் சார்.
தைக்கிறவர் நிமிர்ந்து பார்த்து
“சாமி காரியமா?” என்று
பந்துக்கு ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.
தலைமைக் கோச் மறுத்துப் பேசவில்லை.

ஸ்கோர் எழுதுவது மெகராஜ்.
வேதியியல் லேப் அட்டெண்டர்.
சாயங்காலம் நாலரைக்குப் பூட்டிவிட்டு
நீளநோட்டோடு வந்து வேம்படியில் உட்காருவாள்.
தவறவிட்டது யார் என்பதில் அவளுக்குத் தயவே கிடையாது.
ஒருமுறை முதல்வரின் மகன் நழுவவிட்ட பந்துக்கு
பேனாவை அழுத்தி எழுதினாள்,
அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது.

அரையிறுதி. கடைசி இன்னிங்ஸ்.
ஒரு ரன் பாக்கி, இரண்டு பேர் அவுட்.
இரண்டாம் பேஸில் நாகேந்திரன்.
பந்து இடதுபுறம் போய் விழுந்தது.
கையைச் சுழற்றினேன்.

கை சுழற்றலுக்கு மூக்கு வேண்டாம்.
ஒளிவுமறைவு இல்லாமல் நான் பேசுகிற ஒரே பேச்சு அது.
போ, போ, போ.
போனான்.
ஒரு சாண் இருக்கையில்
திண்டுக்கல்காரன் கையுறை அவன் தோளில் இறங்கியது.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
வாடிப்பட்டி தாண்டி ஒச்சப்பன் மட்டும்
“புல்லு நனைஞ்சிருந்துச்சு,
பந்து அங்கயே நிக்கும்னு நெனச்ச, அதானே” என்றான்.
புல் நனைந்திருக்கவில்லை. அவனுக்கும் தெரியும்.
முன்சீட்டில் மெகராஜின் நோட்டை எட்டிப் பார்த்தேன்.
ஓடியவனுக்குக் கட்டம் இருக்கிறது, பிடித்தவனுக்கு இருக்கிறது.
ஓடச் சொன்னவனுக்குக் கட்டமே இல்லை.

வியாழக்கிழமை முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.
ஏசி குளிரில் மூன்று நாற்காலி.
பேஸ்பால், செலவு, கிரிக்கெட் என்றால்கூட,
என்று சுற்றிவளைத்து
“ரெண்டு தற்காலிகத்தில் ஒன்று போதும்” என்றார்.
நான் வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம் ஒச்சப்பனும்
நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழப்போனான்.

நடுவில் இருந்த பெர்னபாஸ் சார்
மூக்கைச் சொறிந்தார்.
பிறகு முழங்கையை.

கொசுவாகவும் இருக்கலாம்.
எனக்கா, அவனுக்கா?
இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.
முதல்வர் மூன்று முகத்தையும் மாறிமாறிப் பார்த்து
“திங்கட்கிழமை சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்து சாரிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டால் கொசு என்று சொல்லிவிடுவார்.

வெள்ளி காலை ஆறுக்கு நான் போனபோது
ஒச்சப்பன் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.
முதல் பேஸ் கோடு முடிந்து
என் பக்கத்துக் கோடு பாதியில் நின்றது.
சுண்ணாம்பு பத்தவில்லை.
வாளியைக் கவிழ்த்துத் தட்டினான், தூசிதான் வந்தது.

நாகமலைப் பக்கமிருந்து ஆடுகள் மைதானத்தைக் கடந்தன.
அவற்றுக்குப் பின்னால் மெகராஜ்,
இந்த நேரத்தில் வருகிறவள் இல்லை.
கையில் செய்தித்தாள் பொட்டலம், வெள்ளைப் பொடி.

“லேப்ல இருந்தா?” என்றேன்.
“எழுதல” என்றாள்.